துணி வாரில் வாட்ச் நிற்கவில்லையா? ஸ்பிரிங் பின் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

என் அக்கா மகன் இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவையில், அதாவது கட்டாய இராணுவச் சேவையில், இருக்கிறான். போன மாதம் வார இறுதியில் முகாமிலிருந்து வந்தவன், ஒரு கையில் வாட்ச்சும் இன்னொரு கையில் பச்சை நைலான் வாருமாக வந்து நின்றான். “மாமா, இந்த வார் சரியில்ல. ரெண்டு தடவை கழண்டு விழுந்துடுச்சு.” வாரை வாங்கிப் பார்த்தேன். தையல் பிரியவில்லை, துளை எதுவும் கிழியவில்லை. வாரைத் தாங்க வாட்ச்சில் மாட்டியிருந்த சின்னக் கம்பியை, அதாவது ஸ்பிரிங் பின்னைக் கட்டைவிரலால் லேசாக வெளிப்பக்கம் தள்ளினேன். டக்கென்று தெறித்து மேசைக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பேரும் தரையில் கிடந்து தேடியதில் கால் மணி நேரம் போனது.

துணி வார் பற்றி என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடியும். கடையில் நாம் கேட்பது நீளம் ஒன்றைத்தான்: “அங்கிள், 20 இருக்கா?” அவரும் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் ஒரு பின்னுக்கு மூன்று அளவுகள் உண்டு. நீளம், தண்டின் தடிமன், இரு முனையிலும் துருத்திக்கொண்டிருக்கும் மூக்கின் தடிமன். துணி வாரைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது மூக்கு, அடுத்தது தண்டு. நீளம் அதற்கு அப்புறம்தான், ஏனென்றால் அதை எல்லாரும் எப்படியும் பார்த்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்சின் அடியில் நுழைத்து வெளியே இழுக்கிற நைலான் வாருக்கு ‘நேட்டோ வார்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அது பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சு 1973இல் வகுத்த டெஃப் ஸ்டான் 66-15 என்ற தரக்குறிப்பிலிருந்து வந்தது. அந்த இராணுவக் கைக்கடிகாரங்களில் வாரைத் தாங்கும் கம்பி வாட்ச்சின் உடலோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது, கழற்றவே முடியாது. கழலாத கம்பிக்காகப் பிறந்த வாரை நாம் கழலக்கூடிய கம்பியில் மாட்டுகிறோம். தோல் வாரில் அதன் வளையம் பின்னை முழுக்க மூடிக்கொள்ளும். உலோகப் பட்டையில் கடைசிக் கண்ணி இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். நேட்டோ வாரிலோ பின் அம்மணமாக நிற்கிறது, வார் அதை எந்நேரமும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

முதலில் அளந்துவிடுங்கள்

வாட்ச்சின் தலையிலும் காலிலும் இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டிருப்பவை காதுகள். கடைக்காரர்கள் ‘லக்’ என்பார்கள். இரு காதுகளுக்கு இடையிலுள்ள உள்இடைவெளிதான் பின்னின் நீளம். வெர்னியர் அளவுகோல் இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால் சட்டைப் பையில் கைவிடுங்கள். நம் மூன்றாம் வரிசை நாணயங்களில் 10 காசின் விட்டம் 18.5 மி.மீ., 20 காசின் விட்டம் 21 மி.மீ. பழைய வாரையும் பின்னையும் கழற்றிவிட்டு, உண்டியலில் காசு போடுவதுபோல் நாணயத்தைச் செங்குத்தாகப் பிடித்து, வாட்ச்சின் பின்பக்கத்திலிருந்து காதுகளுக்கு நடுவே மெதுவாக விட்டுப் பாருங்கள். 20 காசு சுலபமாக நுழைந்தால் அது 22 அல்லது அதற்கு மேல். 20 காசு நுழையாமல் 10 காசு நுழைந்தால் 19, 20 இரண்டில் ஒன்று. 10 காசும் நுழையாவிட்டால் 18 அல்லது அதற்குக் கீழ். அழுத்தாதீர்கள், காதின் உள்பக்கம் கீறல் விழும்.

பழைய பின்னை மூக்கிலிருந்து மூக்குவரை அளந்து அதே அளவில் வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. 20 மி.மீ. பின்னைக் கையில் எடுத்து அளந்தால் 22க்கு மேல் காட்டும், ஏனென்றால் மூக்குகள் காதின் குழிக்குள் போக வேண்டும். அட்டையில் அச்சிட்டிருப்பது காது இடைவெளியின் அளவு.

“டிக்கென்று உட்கார்ந்தது, ஆனால் இழுத்தால் வந்துவிடுகிறது”

மருமகனின் கேஸ் இதுதான். அவன் கட்டியிருப்பது நான் கொடுத்த பழைய சீக்கோ எஸ்கேஎக்ஸ்007, 1996இல் வந்த முக்குளிப்பு வாட்ச். காது இடைவெளி 22. அதற்கென்றே வரும் பின் தடியானது: தண்டு 2.5 மி.மீ., மூக்கு 1.1 மி.மீ. அந்த மூக்கு போகிற அளவுக்குத்தான் காதில் குழி தோண்டியிருப்பார்கள். நம்ம பையன் என்ன செய்தான்? வாங்கிய நைலான் வாரோடு உறையில் இரண்டு பின்கள் இலவசமாக வந்திருக்கின்றன. புதுசாயிற்றே என்று பழையதைக் கழற்றிவிட்டு அவற்றை மாட்டிவிட்டான். அவையும் 22தான், தப்பில்லை. ஆனால் தண்டு 1.5, மூக்கு 0.8. பெரிய குழிக்குள் சின்ன மூக்கு சாய்ந்து நின்றது. குழியின் அடியைத் தொட்டதால் டிக் சத்தமும் வந்தது. ஓட்டத்தில் வார் ஒரு பக்கமாக இழுத்ததும் மூக்கு குழியின் விளிம்பில் ஏறி வழுக்கிவிட்டது.

டிக் சத்தத்தை நம்பாதீர்கள். ஸ்பிரிங் விரிந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை.

சரிசெய்வது சுலபம். வாட்ச்சோடு வந்த பழைய பின் எங்கேயாவது கிடந்தால் அதையே திரும்பப் போடுங்கள். எங்கள் வீட்டில் அது தையல் டப்பாவுக்குள் கிடந்தது. தொலைந்துவிட்டால் மூக்கின் தடிமனைச் சொல்லிக் கேளுங்கள். குழியை அளக்க 0.8, 1.0, 1.2 மி.மீ. துளையிடும் ஊசிகள் மூன்று போதும். எந்த ஊசி ஆடாமல் நுழைகிறதோ அதுவே உங்கள் அளவு. ஊசியைச் சுழற்ற வேண்டாம், குழி பெரிதாகிவிடும்.

மூக்கு சரியாக இருந்தும் கழன்றால் வேறு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நீளம் ஒரு மி.மீ. குறைவு: 19க்கு 18, 21க்கு 20 என்று ‘கிட்டத்தட்ட’ போட்டிருப்பார்கள். வார் ஒரு மி.மீ. குறைந்தால் பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான். பின் ஒரு மி.மீ. குறைந்தால் மூக்கு குழிக்குள் பாதிகூடப் போகாது. 19க்கு 20 மி.மீ. நைலான் வாரைச் சற்று நெருக்கி நுழைக்கலாம். பின் மட்டும் 19தான். இரண்டாவது காரணம், குழிக்குள் அடைத்துக்கொண்டிருக்கும் அழுக்கு. வியர்வையும் சோப்பும் கலந்து களிம்புபோல் கெட்டியாகியிருக்கும். பல்குத்தும் குச்சியை நனைத்துத் தோண்டிப் பாருங்கள், வருவதைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது.

“வார் இடுக்கில் நுழையவே மாட்டேன் என்கிறது”

பின்னுக்கும் வாட்ச்சின் உடலுக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் நேட்டோ வார் போக வேண்டும். சாதாரண நைலான் 1.2 மி.மீ. அளவில் இருக்கும். கார் இருக்கைவார் போல மினுமினுக்கும் நெருக்கமான நெசவு 1.5 வரைகூடப் போகும். சந்தை அளக்க, காலாவதியான வங்கி அட்டை ஒன்றை எடுத்து, காதுகளுக்கு இடையே போகிற அகலத்தில் இரண்டு கீற்றாக வெட்டிக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க அட்டையின் தடிமன் 0.76 மி.மீ.தான். இரண்டு கீற்றும் சேர்ந்து நுழைந்தால் அநேகமாக எல்லா நைலானும் போகும். ஒன்றுதான் போகிறது, இரண்டாவது முட்டுகிறது என்றால் தடித்த நெசவை மறந்துவிடுங்கள்.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். குறடால் வாரின் நுனியைப் பிடித்து இழுத்து, எப்படியோ நுழைத்துவிடுகிறார்கள். வார் போய்விட்டது, வெற்றி! ஆனால் உள்ளே பின் வில்லாக வளைந்து நிற்கிறது. மூக்குகள் இரண்டும் குழிக்குள் சாய்ந்துவிட்டன. இரண்டு வாரத்தில் அவர்களும் ‘வாட்ச் விழுந்துவிட்டது’ கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் வாரை மாற்றுங்கள், மெல்லிய நெசவுக்கு. வாரில் ஆசை விடவில்லை என்றால் வளைந்த பின் வாங்குங்கள். அதன் தண்டு நடுவில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், மூக்கு அதே தடிமன், சந்து மட்டும் பெரிதாகும். மூக்கு வட்டமானது என்பதால் வார் இல்லாதபோது வளைந்த பின் உருண்டு உள்பக்கம் திரும்பிக்கொள்ளும். வாரை நுழைக்கும் முன் வளைவு வெளியே பார்க்கிறதா என்று கவனியுங்கள். கடைசி வழி, தண்டு மெலிந்த பின்: 1.8க்குப் பதில் 1.5. கடைசி என்று ஏன் சொல்கிறேன்? உள்கூடு அதே விகிதத்தில் இருந்தால், 1.5லிருந்து 1.8க்குப் போகும்போது தண்டின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். திரும்பி வரும்போது அதே அளவு இழக்கிறீர்கள், கண்ணுக்கே தெரியாத 0.3 மி.மீ.க்காக. வேறு வழியில்லாமல் மெல்லிய தண்டு வாங்கினாலும் மூக்கின் தடிமனை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சந்து போதும், நுனி மட்டும் மாட்டிக்கொள்கிறது என்றால் பின்னில் குறையில்லை. வாரின் நுனி பிசிறடித்திருக்கும். கத்தரியால் சற்றுச் சாய்வாக வெட்டி, தீக்குச்சியைப் பக்கத்தில் காட்டி உருக்கிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். நைலானுக்கு மட்டும்தான் இது. பருத்திக் கேன்வாஸில் செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

“மாட்டியாயிற்று, ஆனால் பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடுகிறது”

வாரைத் தள்ளிவிட்டு பின்னை மட்டும் விரலால் இடமும் வலமுமாக நகர்த்துங்கள். பின் நகரவில்லை, வார் மட்டும் நகர்கிறது என்றால் வாரின் அகலம் குறைவு, ஆபத்து இல்லை. பின்னே நகர்ந்தால் நீளம் குறைவு. பின் மேலும் கீழும் ஆடினால் மூக்கு மெலிது, அல்லது பல வருட உராய்வில் குழி நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டது. தேய்ந்த குழிக்குச் சற்றுத் தடித்த மூக்கு சில வருடம் தாக்குப்பிடிக்கும்.

“பின் வளைந்துவிட்டது, நிமிர்த்தலாமா?”

வேண்டாம். தூக்கிப் போடுங்கள். அது உள்ளே ஸ்பிரிங் வைத்த மெல்லிய குழாய். ஒரு தடவை வளைந்தால் உள்ளே மூக்கு சிக்க ஆரம்பிக்கும். நிமிர்த்தியபின் பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். ஒரு ஜோடி பின்னின் விலை சில வெள்ளிதான், காப்பிக்கடைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசு.

ஆனால் ஏன் வளைந்தது என்று பாருங்கள். இரண்டு பின்னில் ஒன்று மட்டும் வளைந்திருந்தால் எங்கேயோ இடித்திருக்கும். இரண்டும் ஒரே மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தால் சந்துக்கு மீறிய வார். புதுப் பின் போட்டாலும் அதே கதிதான்.

8 மி.மீ.லிருந்து 25 மி.மீ.வரை நூற்றுக்கணக்கில் அடுக்கி விற்கும் கலவைப் பெட்டி ஒன்று எல்லாரிடமும் இருக்கிறது, என்னிடமும்தான். அதிலுள்ளவை பெரும்பாலும் 1.5 தண்டு, மெல்லிய மூக்கு. அலுவலகத்துக்குக் கட்டிப்போகும் மெல்லிய வாட்ச்சுக்குப் போதும். கடலுக்குப் போகும் வாட்ச்சில் அதைப் போட மாட்டேன்.

“இரண்டு துண்டுத் துணி வாரின் வளையத்துக்குள் பின் போகவில்லை”

கேன்வாஸ் வார் இரண்டு துண்டாக வந்தால் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் தைத்த வளையம் இருக்கும். அது பெரும்பாலும் 1.5, 1.8 தண்டுக்காகத் தைக்கப்பட்டது. சீக்கோவின் 2.5 பின்னை அதில் திணித்தால் தையல் தெறிக்கும், இல்லையென்றால் வளையம் உப்பி வாட்ச்சின் உடலில் முட்டும். இதற்கென்றே தடித்த மூக்கும் 1.8 தண்டும் உள்ள பின்கள் விற்கிறார்கள். முக்குளிப்பு வாட்ச்சில் கேன்வாஸ் கட்ட ஆசைப்படுகிறவர்கள் தேடவேண்டியது அதைத்தான்.

பின் உள்ளே போனபிறகு அதன் கழுத்து வளையம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். பின் கழற்றும் கருவியின் கவட்டை முனை பிடிக்கும் இடம் அது. துணி அதை மூடிக்கொண்டால் மாட்டும்போதே நூல் பிசிறு மூக்கோடு சேர்ந்து குழிக்குள் போய்விடும், பின் முழுசாக விரியாது. வார் காதைவிட அரை மி.மீ. அகலமாக இருந்தாலே இந்தத் தொல்லைதான்.

வாருக்குள்ளேயே குமிழ் வைத்த விரைவுப் பின் வந்தால் கருவி தேவையில்லை, நகத்தால் இழுத்தால் போதும். நான் தினமும் வார் மாற்றும் ஆள், எனக்குப் பிடிக்கும். ஆனால் அவற்றின் மூக்கு அநேகமாக மெல்லியது, முக்குளிப்பு வாட்ச்சின் பெரிய குழிக்குள் ஆடும். குமிழுக்காக வெட்டிய பிளவிலிருந்து நூல் பிரியவும் செய்யும்.

“கழற்ற வரவில்லை”

நம் ஊரில் இது தவிர்க்க முடியாதது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். துணி வார் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்மேலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட்டில் கடலில் இறங்கிவிட்டு, வாட்ச்சைக் குழாய்த் தண்ணீரில் காட்டாமல் விட்டால் உப்பு குழாய்க்குள் போய்த் தங்கிவிடும். நல்ல பின் 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகில் வருகிறது. ஆனால் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கும் அதே தரமா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நேட்டோ வாரில் ஒரு வசதி. வாரை உருவிவிட்டால் பின் மட்டும் நிற்கும், கருவிக்கு இடம் தாராளம். காதின் பக்கங்களில் காகித ஒட்டுநாடா ஒட்டுங்கள். காதில் வெளியிலிருந்தே துளை தெரிகிற வாட்ச் என்றால் மெல்லிய கம்பியால் வெளியிலிருந்து தள்ளினால் முடிந்தது. மூடிய காது என்றால், துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டைக் குச்சியின் நுனியில் தொட்டு மூக்கில் வையுங்கள். பீய்ச்ச வேண்டாம், திருகுக்குமிழின் ரப்பர் வளையத்துக்கு அது ஆகாது. ஒரு ராத்திரி விட்டு, காலையில் முயலுங்கள். அப்போதும் அசையாவிட்டால் நடுத் தண்டைச் சின்ன வெட்டுக்குறடால் நறுக்கிவிட்டு இரண்டு பாதியையும் உள்பக்கமாக இழுத்துவிடலாம். பின்தானே போகிறது, போகட்டும். மூக்கு ஒடிந்து குழிக்குள்ளேயே தங்கிவிட்டால் மட்டும் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். நானே தோண்டி எடுக்கிறேன் என்று ஒரு தடவை உட்கார்ந்து, காதில் நிரந்தர வடு வைத்திருக்கிறேன்.

“வாட்ச் விழுந்தது, ஆனால் இரண்டு பின்னும் அப்படியே இருக்கின்றன”

பக்கிளைப் பாருங்கள். இரண்டு துண்டு வாரில் பக்கிளையும் ஒரு ஸ்பிரிங் பின்தான் பிடித்திருக்கிறது. வார் அங்கே குறுகுவதால் பெரும்பாலும் 16 அல்லது 18, அதிலும் மெல்லியது. வாட்ச் பக்கத்துக்கு நல்ல பின்னாகத் தேடி வாங்கிவிட்டு, மூன்றாவதாக ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம். நேட்டோ வாரில் பக்கிள் வாரோடு சேர்த்துத் தைத்ததுதான், அங்கே இந்தக் கவலை இல்லை. அதுமட்டுமல்ல, வார் இரண்டு பின்னுக்கும் கீழாக ஓடுவதால் ஒன்று தெறித்தாலும் மற்றது வாட்ச்சைத் தொங்கவிட்டுக் காப்பாற்றும். மருமகன் வாட்ச் இரண்டு தடவை விழுந்தும் தொலையாததற்கு இதுதான் காரணம். மணிக்கட்டில் தொங்கியதைத்தான் அவன் ‘விழுந்தது’ என்றான் என்று அப்புறம் தெரிந்தது.

காசியோவின் ஜி-ஷாக் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: டிடபிள்யூ-5600 போன்றவற்றில் துணி வார் கட்ட இணைப்பான் வேண்டும், பின்னை மட்டும் மாற்றிப் பயனில்லை. பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தின் மாடியிலுள்ள இராணுவப் பொருள் கடைகளுக்கு வார் வாங்கப் போனால் வாட்ச்சையும் கட்டிக்கொண்டு போய், அங்கேயே நுழைத்துப் பாருங்கள்.

எது மாற்றினாலும் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மெத்தைமேல் உட்கார்ந்து, வாரை உருவிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் பின்னின் நடுவை வெளிப்பக்கமாக அழுத்துங்கள், விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு. பத்து எண்ணுங்கள். அப்புறம் பின்னை விரலால் உருட்டிவிட்டு இன்னொரு தடவை. அடுத்த பின்னுக்கும் அப்படியே. மருமகன் பழைய தடித்த பின்களை மாட்டிவிட்டு, முகாமுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றை மட்டும் அழுத்திப் பார்த்தான். “இன்னொன்னு யாரு பாக்குறது?” என்று கேட்டு, பையைக் கீழே இறக்கவைத்தேன். அது ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை, கையோடு வந்துவிட்டது. இந்தத் தடவை மெத்தைமேல்தான் விழுந்தது.